இருப்பதோடு தொடரவும்

பொம்மனஹள்ளி
16 ஏப்ரல் 2025

மர்பி டவுன் சித்தார்த்தா நலச் சங்கத்தின் செயலாளரும் என் கணவருமான திரு. மு. ஜெயராமன் அவர்களுக்கு,

இன்று காலை, நீண்ட யோசனைக்குப் பிறகு, எழுத்தின் அளவைப் பன்னிரண்டிலிருந்து பதினான்குக்கு உயர்த்துவது என்று முடிவு செய்தேன். இது அவசரத்தில் எடுத்த முடிவல்ல. பன்னிரண்டில் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி போட்டும் உங்கள் பெயர் தெரியவில்லை. பதினாறில் அடித்துப் பார்த்தேன். உங்கள் பெயர் தேவைக்கு மேல் தெரிந்தது. கணினிப் பயிற்சி மையத்தில் எனக்கு வலப்பக்கம் உட்காரும் பெண்ணையும் இடப்பக்கம் உட்காரும் பெண்ணையும் கலந்துகொண்டேன். சொல்லிக்கொடுக்கும் வீணா மேடத்தின் ஒப்புதலும் பெறப்பட்டது. இனி என்னிடமிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் பதினான்கில்தான் இருக்கும். இதில் மாற்றமில்லை.

பள்ளிக்கு லீவு விட்ட மறுநாள் நான் பெட்டியோடு கிளம்பியதற்குத் தெருவில் நீங்கள் என்ன காரணம் சொன்னீர்களோ தெரியாது. என் காரணத்தை இங்கே அடித்து வைக்கிறேன். பள்ளியில் நான் ஆயா. ஆபீஸ் அசிஸ்டென்ட் இடம் காலியாகியிருக்கிறது. கணினி தெரிந்தால் யார் வேண்டுமானாலும் மே மாதக் கடைசியில் பரீட்சை எழுதலாம் என்று கரஸ்பாண்டன்ட் சேஷகிரி சார் சொன்னார். ஒரு கடிதம் அடிக்க வேண்டும், ஒரு அட்டவணை போட்டுக் கூட்ட வேண்டும், இரண்டையும் பிரின்ட் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அறையை இத்தனை வருஷம் பெருக்கியிருக்கிறேன். அங்கே உள்ள நாற்காலியில் ஒரு தடவை கூட உட்கார்ந்ததில்லை.

அதற்காகத்தான் மார்ச் மாதப் பொதுக்குழுவில் எழுந்து, சங்கத்துக்கு ஏதோ கம்பெனிக்காரர்கள் நன்கொடையாகக் கொடுத்துவிட்டுப் போன கணினியைத் திறந்தால் நான் பழகிக்கொள்வேன் என்று கேட்டேன். நீங்கள் மேடையிலிருந்து, மைக் முன்னால், "என் சம்சாரம் கம்ப்யூட்டர நல்லாத்தான் துடைப்பா, அதுக்கு மேல என்ன ஆவணும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நடவடிக்கைக் குறிப்பில் நீங்கள் அதை எழுதிய விதத்தைப் பற்றித்தான் புகார். "செயலாளர் நகைச்சுவையாகப் பேசினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் நான் வீட்டுக்கு வருவதைப் பற்றிப் பேச்சு.

போனில் இதைச் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன், விஷயம் அங்கேயே நிற்கும். தவிர, மையத்தில் வாரம் ஒரு கடிதம் அடித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் இல்லாத தலைமையாசிரியருக்கு வராத காய்ச்சலுக்காக லீவு கேட்கிறார்கள். கையில் நிஜமான விஷயம் இருக்கும்போது நான் எதற்குப் பொய்க் காய்ச்சலை எழுத வேண்டும்?

இப்படிக்கு,
ஆ. தமயந்தி


மர்பி டவுன்
21 ஏப்ரல் 2025

பொருள்: தங்கள் பொம்மனஹள்ளிக் கடிதம் – பதில் அளித்தல் தொடர்பாக

தமயந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது, பதிவேட்டில் ஏற்றப்பட்டது. எழுத்தின் அளவு குறித்த பகுதி கவனத்தில் கொள்ளப்பட்டது.

முதலில் கையெழுத்து. கல்யாணமான நாளிலிருந்து ரேஷன் கார்டு, வோட்டர் கார்டு எல்லாவற்றிலும் நீ ஜெ. தமயந்தி. இப்போது திடீரென்று உன் அப்பா ஆறுமுகத்தின் ஆ. எங்கிருந்து வந்தது? அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் சங்கத்துக்குச் சந்தா கட்டியதில்லை.

அடுத்து நடவடிக்கைக் குறிப்பு. அதைத் திருத்த முடியாது. விதி ஐந்து சொல்கிறது: செயலாளர் கையெழுத்திட்டு முத்திரை குத்திய எந்தத் தாளும் இறுதியானது. அந்த விதியை எழுதியவன் நான். தலைவர் பாலகுமார் ஒரு வருஷம் தன் மச்சானுக்காகப் பொறுப்புப் பட்டியலைத் திருத்தப்போய், புத்த பூர்ணிமா அன்று சாம்பாரே இல்லாமல் சாதம் பரிமாறியது உனக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு தலைவருக்கே திருத்திக் கொடுக்காதவன், சொந்த சம்சாரத்துக்குத் திருத்தினால் ஊர் என்ன சொல்லும்?

பட்டியல் என்றதும் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷப் பூர்ணிமா மே பன்னிரண்டு. பொறுப்புகள் வழக்கம் போல. தலைமையுரை பாலகுமார், ஆண்டறிக்கை நான், மைக் செட் மஞ்சுநாத், காய் நறுக்குவது ஜெயலட்சுமி, பாத்திரம் நீ. எத்தனை வருஷமாக இப்படித்தான் நடக்கிறதோ அத்தனை வருஷமும் யாருக்கும் குறை இருந்ததில்லை. ஆகவே பதினொன்றாம் தேதி இரவே நீ வந்துவிட வேண்டும். பஸ் பெண்களுக்கு இலவசம் என்பதால் செலவைக் காரணமாகச் சொல்ல முடியாது.

வாட்டர் சப்ளையில் வால்வு திருப்பியவன் நான். நான் திருப்பினால் தெருவுக்குத் தண்ணீர் வந்தது, திருப்பாவிட்டால் வரவில்லை. அதற்கு எந்த மையத்திலும் போய் உட்காரவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் நன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். உப்பு எங்கே இருக்கிறது என்பதைத் தெரிவிக்கவும்.

மு. ஜெயராமன்
செயலாளர்
(முத்திரை)


பொம்மனஹள்ளி
25 ஏப்ரல் 2025

ஜெயராமன் அவர்களுக்கு,

உப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பரீட்சை விண்ணப்பத்தில் பெயர் பள்ளிச் சான்றிதழில் இருப்பது போலவே இருக்க வேண்டும். சான்றிதழ் வாங்கியபோது எனக்கு உங்களைத் தெரியாது. அதனால் ஆ.

பாத்திரம் கழுவ வர மாட்டேன். எனக்கு மே மாதம் முழுக்க வேலை இருக்கிறது. நீங்கள் பட்டியலில் என் பெயரை எழுதலாம். எழுதுவது உங்கள் உரிமை. வராமல் இருப்பது என்னுடையது.

பாடம் எப்படிப் போகிறது என்று நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்கிறேன். முதல் வாரம், தாளில் வலது ஓரத்துக்குத் தேதியைக் கொண்டுபோக, ஸ்பேஸ் பார் என்கிற நீளக் கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். தேதி ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மேலே ஒரு சொல் சேர்த்தேன். தேதி கீழே விழுந்தது. இங்கே எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்களாம். தேதியைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது, நீ வலப்பக்கம் என்று அதற்கு ஒரு தடவை சொன்னால் போதும், பிறகு அது நகராது. இதைக் கற்றுக்கொண்ட அன்று எனக்கு உங்கள் நினைவு வந்தது.

இரண்டாம் வாரம் ஒரு பக்கம் முழுக்க அடித்து முடித்தபோது கரண்ட் போனது. பொம்மனஹள்ளியில் கரண்ட் போவது புதிதல்ல, பக்கம் போவதுதான் எனக்குப் புதிது. வீணா மேடம் கன்னடக்காரப் பெண், தமிழை எங்களிடமே பழகிக்கொண்டவள். என் தோளில் கை வைத்து, "ஆன்ட்டி, சேவ் பண்ணிட்டே இருக்கணும், இல்லாந்த்ரே ஹோய்த்து" என்றாள். இல்லாவிட்டால் போயிற்று. அதற்குப் பிறகு மூன்று வரிக்கு ஒரு தரம் சேவ் செய்கிறேன். என் தங்கை பாஞ்சாலி, கார்மென்ட்ஸ் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, "அக்கா, தூக்கத்துல விரலை ஆட்டுறே" என்கிறாள்.

வால்வு பற்றி எழுதியிருந்தீர்கள். சங்க அறையில் இருக்கும் கணினி மேல் பூப்போட்ட துணி ஒன்று கிடக்கிறது. அது நான் தைத்த துணி. அதைத் தூக்குவதற்கும் எந்த மையத்திலும் போய் உட்கார வேண்டியதில்லை. இருந்தும் போர்த்திய நாளிலிருந்து அதை யாரும் தூக்கவில்லை.

ஆ. தமயந்தி


மர்பி டவுன்
29 ஏப்ரல் 2025

பொருள்: துணி அகற்றப்பட்டமை

தமயந்திக்கு,

இருபத்தேழாம் தேதி துணி அகற்றப்பட்டது. அடியில் கணினி இருந்தது. திரையின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் இருந்தது. எந்த ஆயுத பூஜைக்கோ யாரோ வைத்தது. நம் சங்கத்தில் அந்த வழக்கம் இல்லை என்று அப்போதே தீர்மானம் போட்டிருக்கிறோம். தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டுப் பொட்டை அழிக்க மறந்துவிட்டோம் போலிருக்கிறது. அழித்தேன். பொத்தானை அழுத்தினேன். எரிந்தது.

இந்த வருஷப் பொறுப்புப் பட்டியலைக் கணினியிலேயே போடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். இதற்கு வகுப்பு, மேடம், பதினான்கு எதுவும் தேவையில்லை என்பதை நிரூபிப்பதே நோக்கம். தமிழ் எழுத்து அதில் கம்பெனிக்காரர்களே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கட்டம் கட்டமாக ஒரு தாள் இருக்கிறது. ஒரு கட்டத்தில் பெயர், பக்கத்துக் கட்டத்தில் பொறுப்பு. இரண்டு நாளில் ஐந்து பெயரையும் ஐந்து பொறுப்பையும் ஏற்றிவிட்டேன். உன் பெயரை நீ கையெழுத்துப் போடுகிறபடியே ஆ. என்று போட்டிருக்கிறேன். நான் சண்டைக்காரன் அல்ல.

தகவலுக்காக மட்டும் சில விவரங்கள் கேட்கிறேன். எனக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை. பெயர் நீளமாக இருந்தால் பாதி பக்கத்துக் கட்டத்துக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. அதை வெளியே வரச் செய்வது எப்படி? இரண்டாவது, பெயர்களை அகர வரிசைப்படுத்த வழி இருக்கிறதா? யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று வருஷா வருஷம் டீக்கடையில் சண்டை நடக்கிறது. போன வருஷம் மஞ்சுநாத் தன் பெயர் மூன்றாவதாக இருக்கிறது என்பதற்காக ஸ்பீக்கர் ஒன்றைக் குறைத்துக்கொண்டு வந்தான். அகர வரிசை என்றால் யாரும் வாயைத் திறக்க முடியாது. அது என் முடிவல்ல, தமிழின் முடிவு.

உப்பு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டேன்.

மு. ஜெயராமன்
செயலாளர்
(முத்திரை)


பொம்மனஹள்ளி
2 மே 2025

ஜெயராமன் அவர்களுக்கு,

தகவலுக்காக மட்டும் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை.

கட்டங்களுக்கு மேலே எழுத்து வரிசை ஒன்று இருக்கும். இரண்டு எழுத்துக்கு நடுவே உள்ள கோட்டைப் பிடித்து இழுத்தால் கட்டம் அகலமாகும். மெதுவாக இழுக்க வேண்டும். வால்வு மாதிரி இல்லை.

அகர வரிசைக்கு வழி இருக்கிறது. பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் அது உடனே செய்யாது. உங்களை ஒரு கேள்வி கேட்கும். தேர்வை விரிவாக்கவா, அல்லது இருப்பதோடு தொடரவா என்று கேட்கும். விரிவாக்கு என்று சொல்ல வேண்டும். இது முக்கியம். நான் இதை மறந்து வகுப்பில் ஒரு முறை தவறாகச் செய்தேன். வீணா மேடம் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, பேர் மட்டும் ஓடிப்போயிடும், வேலை அங்கேயே நிக்கும்" என்றாள். விரிவாக்கினால் பெயரோடு வேலையும் கூடவே போகும்.

பரீட்சை மே இருபத்தாறு என்று தேதி வந்துவிட்டது. சேஷகிரி சாருடைய அண்ணன் மகள் அதிதியும் எழுதுகிறாள். டிகிரி முடித்தவள். விண்ணப்பம் கொடுக்கப் போனபோது சார் நல்ல மனநிலையில் இருந்தார். "எழுதும்மா, எழுது. வரலேன்னா என்ன, தொடப்பம் எங்கே இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா" என்று சிரித்தார். எல்லா ஆண்களும் இந்த விஷயத்தில் துடைப்பத்துக்குத்தான் வருகிறார்கள். நான் சிரிக்கவில்லை. விண்ணப்பத்துக்கு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

கூட்டல் மட்டும் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. கட்டத்தில் சமம் என்று தொடங்கி அடிக்க வேண்டும். விடை தெரிந்த கணக்கையும் அது கேட்கும்போது மறந்துவிடுகிறேன். தினமும் பாஞ்சாலி வீட்டுக் காய்கறிச் செலவைக் கூட்டிப் பழகுகிறேன். அவளுக்கு இதில் சந்தோஷம் இல்லை.

உப்பு, அடுப்புக்கு மேல் அலமாரியில் வலப்பக்கம், நீல மூடி டப்பா. மூடியில் "டீத்தூள்" என்று எழுதியிருக்கும். திறந்து பாருங்கள்.

ஆ. தமயந்தி


மர்பி டவுன்
6 மே 2025

பொருள்: பொறுப்புப் பட்டியல் வெளியிடப்பட்டமையும் அதன் பின்விளைவுகளும்

தமயந்திக்கு,

பட்டியல் ஞாயிற்றுக்கிழமை வெளியிடப்பட்டது. புத்த விகார வாசலிலும் டீக்கடையிலும் வாசகசாலைச் சுவரிலும் ஒட்டப்பட்டது. ஒவ்வொரு பிரதியிலும் என் கையெழுத்து, முத்திரை.

நீ சொன்னபடியே அது கேள்வி கேட்டது. விரிவாக்கவா, இருப்பதோடு தொடரவா? ஒரு இயந்திரம் என்னைப் பார்த்துக் கேட்கிறது. நான் யோசித்தேன். சங்கத்தில் நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து எதையும் பொதுக்குழுவைக் கேட்காமல் விரிவாக்கியதில்லை. கட்டடத்தை விரிவாக்கச் சொன்னார்கள், மறுத்தேன். உறுப்பினர் தொகையை விரிவாக்கச் சொன்னார்கள், மறுத்தேன். நீயும் இயந்திரமும் சேர்ந்து சொல்வதற்காக நான் கொள்கையை விட முடியாது. இருப்பதோடு தொடரவும் என்றேன். பெயர்கள் அழகாக அகர வரிசையில் நின்றன. இனிஷியல் ஆ, கி, ப, மு, வ. இரண்டு தரம் சரிபார்த்தேன். பெயர்களைத்தான் சரிபார்த்தேன்.

திங்கட்கிழமை காலை தலைவர் பாலகுமார் பட்டியலைச் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தார். வ. பாலகுமார் என்பதால் அவர் கடைசி. கடைசிக் கட்டத்தில் பாத்திரம் இருந்தது. முதல் கட்டத்தில் தலைமையுரை, அதற்கு நேரே ஆ. தமயந்தி. ஆண்டறிக்கை கி. மஞ்சுநாத்துக்கு. மைக் செட் ப. ஜெயலட்சுமிக்கு. நான் காய் நறுக்க வேண்டும். ஜ வடவெழுத்து, வரிசையில் வ-வுக்கும் பின்னால்தான் வரும்; ஜெ. என்று போட்டிருந்தால் நீ அவருக்கும் கீழே பழைய இடத்திலேயே இருந்திருப்பாய். கையெழுத்தை மாற்றியது யார் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பாலகுமார் உட்காரவில்லை. "ஏன்யா ஜெயராமா, நான் குண்டான் கழுவணும், உன் சம்சாரம் மைக்ல பேசணுமா? ஊருக்கே காட்டிட்டியே. பேசாம புதுசா ஒண்ணு அடிச்சு ஒட்டு, நான் ஒண்ணும் சொல்லல" என்றார். அவர் குரலில் அன்று மரியாதை குறைவாக இருந்தது. குறையாமல் இருந்திருந்தால் ஒருவேளை புதிதாக அடித்திருப்பேன். எனக்குத் தெரியாது.

"விதி அஞ்சு, தலைவரே" என்றேன்.

"தப்புன்னு ஒத்துக்க, முடிஞ்சு போச்சு."

"முத்திரை குத்தியாச்சு."

பேச்சு இதற்கு மேல் போகவில்லை. ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று போனார். ஜெயலட்சுமி மட்டும் மாலையில் வந்து, மைக்கை எப்படி ஆன் செய்வது என்று கேட்டுவிட்டுப் போனாள்.

விதி ஆறு ஒன்று இருக்கிறது. தலைமையுரை ஆற்ற வேண்டியவர் வர இயலாது என்று எழுத்து மூலம் தெரிவித்தால் அந்தப் பொறுப்பு தானாகத் தலைவருக்குப் போகும். பாத்திரத்துக்கு வர மாட்டேன் என்று நீ ஏற்கெனவே எழுதியிருக்கிறாய். அதே போல் ஒரு வரி எழுதினால் போதும்; யாருக்கும் சங்கடமில்லை. எழுது என்று நான் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. விதியைத் தெரிவிப்பது செயலாளரின் கடமை.

உப்பு கிடைத்தது.

மு. ஜெயராமன்
செயலாளர்
(முத்திரை)


பொம்மனஹள்ளி
8 மே 2025
பாஞ்சாலி மூலம் நேரில்

ஜெயராமன் அவர்களுக்கு,

வருகிறேன். தலைமையுரை அடித்து முடித்துவிட்டேன். எழுத்தின் அளவு இருபது. மேடை வெளிச்சத்தில் பதினான்கு போதாது என்று முடிவு செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு இடத்தில் சேவ் செய்திருக்கிறேன்.

என் பழைய பொறுப்பைத் தலைவரிடம் ஒப்படைப்பதால் சில விவரங்கள். பாயசக் குண்டானை முதலில் ஊறப் போடச் சொல்லவும். பரிமாறி முடிந்த பிறகு ஊறப் போட்டால் அடிப்பிடித்தது வராது. சாதக் குண்டானில் வெந்நீர் ஊற்றக் கூடாது. தேய்க்கிற நார் விகாரத்துக்குப் பின்னால் குழாய்க்குப் பக்கத்தில் தொங்கும். குனிந்து செய்ய வேண்டிய வேலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வது நல்லது. இரண்டாவது நாளும் இடுப்பு வலிக்கும். மூன்றாவது நாள் வலிக்காது.

உங்களுக்கும் ஒன்று. வெண்டைக்காயைக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு நறுக்க வேண்டும். துடைக்காவிட்டால் கொழகொழக்கும்.

ஆ. தமயந்தி


மர்பி டவுன்
15 மே 2025

பொருள்: புத்த பூர்ணிமா நிகழ்ச்சிகள் – சுருக்கம்

தமயந்திக்கு,

நீ பேசி முடித்ததும் மேடையிலிருந்து இறங்கி நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாய். பிறகு நடந்தவை உனக்குத் தெரியாது என்பதால் தெரிவிக்கிறேன்.

மஞ்சுநாத்துக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் எழுதிய ஆண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் சென்னாகிதே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். இத்தனை வருஷம் நான் படித்த எந்த அறிக்கைக்கும் கிடைக்காத கைதட்டல் கிடைத்தது. அந்தக் கைதட்டலையும் குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

தலைவர் வெள்ளை வேட்டியில் வந்தார். ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருவதாகச் சொன்னவர் போட்டோ எடுக்கிறவரைச் சேர்த்துக்கொண்டு வந்தார். முதல் குண்டானைக் கழுவும்போது படம் எடுத்தார்கள். தலைவரின் எளிமை என்று வாட்ஸ்அப்பில் போட்டார்கள். பிறகு போட்டோக்காரர் போய்விட்டார். குண்டான்கள் போகவில்லை. பொறுப்பை விட்டுப் போனால் அதையும் யாராவது படம் எடுப்பார்கள் என்று தெரிந்ததால் அவரும் போகவில்லை. பாயசக் குண்டானை அவர் ஊறப் போடவில்லை. உன் குறிப்பைப் படித்துக் காட்டினேன், கேட்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

உன் உரையை நான் வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வரவேற்பு, வணக்கம் எல்லாம் சரியாக இருந்தன. அதன் பிறகு நீ தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினாய். "மார்ச் மாசம் இதே மைக்ல ஒருத்தர், என் சம்சாரம் கம்ப்யூட்டர நல்லாத்தான் துடைப்பான்னு சொன்னாரு. துடைச்சேன். துடைக்கிறவளுக்குத்தான் உள்ள என்ன இருக்குன்னு முதல்ல தெரியும்." அந்த இடத்தில் ஜெயலட்சுமி சத்தத்தைக் கூட்டினாள். அவளை யாரும் கூட்டச் சொல்லவில்லை. அல்சூர் மார்க்கெட் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். முன்பு சிரித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. என் கத்தி நின்றுவிட்டது. காய் நறுக்கத் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒருத்தர் என்று சொன்னாய். பெயரைச் சொல்லவில்லை. அது பெயர் சொல்வதை விட மோசம் என்பது என் கருத்து.

பாலகுமார் அவசரக் கூட்டம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். செயலாளரை நீக்க வேண்டுமாம். நோட்டீஸில் முத்திரை இல்லை. முத்திரை என்னிடம் இருக்கிறது.

வெண்டைக்காய் கொழகொழக்கவில்லை.

மு. ஜெயராமன்
செயலாளர்
(முத்திரை)


பொம்மனஹள்ளி
28 மே 2025

ஜெயராமன் அவர்களுக்கு,

பரீட்சை முடிந்தது. அதிதியும் நானும்தான். அவள் என்னைவிட வேகமாக அடித்தாள், நன்றாகவும் அடித்தாள், அதை மறைப்பதற்கில்லை. நான் முடிக்கும்போது அவள் காபி குடித்து முடித்திருந்தாள். ஆனால் நானும் முடித்தேன். தேதி வலப்பக்கம் நின்றது. கூட்டலுக்குச் சமம் போட்டு அடித்தேன், விடை வந்தது. பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். கேள்வி கேட்டது. விரிவாக்கு என்றேன்.

சேஷகிரி சார் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, இருவரும் தேர்ச்சி என்றார். பிறகு என்னை மட்டும் உட்காரச் சொல்லாமல் பேசினார். நாற்காலி அதிதிக்கு. நான் காலையில் வழக்கம் போலப் பெருக்கித் துடைத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் அதிதிக்கு ஒத்தாசையாக டைப் அடிக்கலாமாம். சம்பளம் ஆயா சம்பளம். "ரெண்டும் தெரிஞ்ச ஆளு ஸ்கூலுக்கு நல்லதுதானேம்மா" என்றார்.

அவருக்குப் பதிலை வாயால் சொல்லவில்லை. பரீட்சை எழுதிய கணினி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதிலேயே உட்கார்ந்து ஒரு கடிதம் அடித்து, பிரின்ட் எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். பிரதி இணைத்திருக்கிறேன், நாலு வரிதான். "துடைப்பம் அல்லது நாற்காலி, இரண்டில் ஒன்றுதான் என்னால் முடியும். தேர்ச்சி பெற்றதால் துடைப்பம் இனி முடியாது. பள்ளி திறக்கும் நாள் நாற்காலி இருந்தால் வருவேன். இல்லையென்றால் இந்தக் கடிதத்தையே என் ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளவும்."

பாஞ்சாலி என்னைத் திட்டினாள். இருந்ததையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாய், இந்த வயசில் கார்மென்ட்ஸில் கூடச் சேர்க்க மாட்டார்கள் என்றாள். அவள் சொல்வது சரி. கடிதத்தை நான் சேவ் செய்துவிட்டேன்.

ஆ. தமயந்தி


மர்பி டவுன்
1 ஜூன் 2025

தமயந்திக்கு,

இது தட்டச்சு. எழுத்தின் அளவு பதினாறு. பதினான்கு உன்னுடையது.

அவசரக் கூட்டம் நடந்தது. செயலாளரை நீக்கும் தீர்மானத்தில் முத்திரை குத்த என்னிடமே கொண்டு வந்தார்கள். விதிப்படி குத்திக் கொடுத்தேன். இனி கடிதங்களில் முத்திரை இருக்காது. புதிய செயலாளர் ஜெயலட்சுமி. பாலகுமார் வேறு பெயர் சொன்னார். ஆனால் மைக் அவளிடம் இருந்தது.

பொறுப்பை ஒப்படைக்கும் முன் பழைய நடவடிக்கைக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். மார்ச் மாதப் பொதுக்குழுவின் குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது பத்தியைப் பார். விதி ஐந்தின்படி நான் எதையும் திருத்தவில்லை. அடிக்கும்போது விரல் அப்படிப் போய்விட்டது. "செயலாளர், என் சம்சாரம் கம்ப்யூட்டர நல்லாத்தான் துடைப்பா, அதுக்கு மேல என்ன ஆவணும் என்று மைக் முன் கூறினார். உறுப்பினர்கள் சிரித்தனர். திருமதி ஆ. தமயந்தி சிரிக்கவில்லை." ஆ. என்று அடித்திருக்கிறேன். சேவ் செய்துவிட்டேன்.

சேஷகிரிக்கு நீ எழுதிய நாலு வரியை டீக்கடையில் படித்துக் காட்டினேன். பலருக்குப் பிடிக்கவில்லை. நான் இரண்டாம் தடவையும் படித்தேன். நாளை பள்ளி திறக்கிறது. நாற்காலி இல்லையென்றால் வீடு இருக்கிறது. இதை நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

மு. ஜெயராமன்


பொம்மனஹள்ளி
5 ஜூன் 2025

ஜெயராமன் அவர்களுக்கு,

மூன்றாவது பத்தியைப் படித்தேன். கமா ஒன்று கூடுதலாக இருக்கிறது. மற்றபடி சரி.

அதிதிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து, பள்ளி திறந்த அன்றே போய்விட்டாள். சேஷகிரி சார் மறுநாள் போன் செய்தார். என் கடிதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எத்தனை மணிக்கு வருவேன் என்று மட்டும் கேட்டார். நாற்காலி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். நேற்றிலிருந்து போகிறேன். நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது. அட்டையை மடித்து வைத்திருக்கிறேன்.

பொம்மனஹள்ளியிலிருந்து காலையில் இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். பெட்டியைத் தூக்க பஸ் ஸ்டாப்புக்கு வர வேண்டியதில்லை. வந்தால் ஆட்சேபனை இல்லை. டீத்தூள் என்று எழுதிய டப்பாவில் உப்பு, உப்பு என்று எழுதியதில் டீத்தூள். யாரும் மாற்றக் கூடாது.

இப்படிக்கு,
ஆ. தமயந்தி
ஆபீஸ் அசிஸ்டென்ட்

பி.கு.: இன்று மாலை பள்ளி வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. "ஆயா தேவை." எழுத்தின் அளவு பதினான்கு.